இசட் வரலைங்க

திருப்பூரின் ஏற்றுமதி அலுவலகங்களில் காலை ஒன்பதரை மணிக்கு மேல் அடிக்கடி காதில் விழும் வாக்கியங்களில் ஒன்று 'இசட் வரலைங்க'. சாயப்பட்டறைக்குப் போன லாட் வரவில்லை, லேபிள் வரவில்லை, பையரிடமிருந்து அப்ரூவல் வரவில்லை என்று வேறு புலம்பல்களும் உண்டு. அவற்றுக்கெல்லாம் போன் போட்டுத் திட்டுவதற்கு ஓர் ஆள் இருக்கிறார். இசட் வரவில்லை என்றால் யாரைத் திட்டுவது என்று தெரியாது. அதனால் என்னைக் கூப்பிடுவார்கள். இருபது வருடங்களாக இந்த ஊரின் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு சர்வரும் நெட்வொர்க்கும் அமைத்துத் தருவதும், அமைத்ததைப் பார்த்துக்கொள்வதும் என் தொழில்.

இசட் என்பது கணினித் திரையில் தெரியும் ஒரு டிரைவின் எழுத்து. ஒரு மெர்ச்சண்டைசர் தன் லேப்டாப்பைத் திறந்தால் சி என்று ஒன்று இருக்கும். அது அந்த மெஷினுக்குள்ளேயே இருக்கும் டிஸ்க். அதற்குக் கீழே, ஒரு குழாயின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரியான படத்தோடு இசட் இருக்கும். அது அந்த மெஷினில் இல்லை. மாடிப்படிக்குக் கீழே, ஏசி போட்டுப் பூட்டிவைத்த சிறு அறையில் இருக்கும் சர்வரின் ஒரு ஃபோல்டர் அது. ஆர்டர் ஷீட், காஸ்டிங், பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், பையர் அனுப்பிய டெக் பேக், டேலியின் டேட்டா எல்லாம் அங்கேதான். முப்பது பேர் ஒரே பீரோவைத் திறந்து மூடுகிறார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் அது தன் மேஜையின் இழுப்பறை மாதிரித் தெரிகிறது. அந்தத் தோற்றத்தை தினமும் காலையில் யாரும் கேட்காமலே உண்டாக்கி வைப்பதைத்தான் எங்கள் தொழிலில் 'டிரைவ் மேப்பிங்' என்கிறோம்.

'வரலைங்க' என்ற வினையை நான் வெகுநாள் கவனித்திருக்கிறேன். தண்ணி வரலை, கரண்ட் வரலை, பஸ் வரலை என்பதைப் போலத்தான் இசட் வரலை என்கிறார்கள். 'என்னால் இணைக்க முடியவில்லை' என்று யாரும் சொன்னதில்லை. வருவது அதன் கடமை, காத்திருப்பது நம் தலைவிதி. மேஜையை விட்டு நகராத கணினிகள் இருந்த காலத்தில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்தது. லேப்டாப் வந்தபிறகு அது எங்கே பிசகியது, பிசகியதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

*

முதலில் அந்த எழுத்தைப் பற்றிக் கொஞ்சம். டிரைவ்களுக்கு எழுத்தால் பெயர் வைக்கும் வழக்கம் 1970களில் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் வழியாக எம்எஸ்-டாஸுக்கு வந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்கு. 1983இல் வந்த பிசி எக்ஸ்டியில் ஹார்ட் டிஸ்க் இருந்தது, அதற்கு சி. ஃப்ளாப்பி வழக்கொழிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றும் பெட்டி பிரித்த புது லேப்டாப்பில் சி-யில்தான் கணக்கு தொடங்குகிறது. கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி இரண்டை, இறந்துபோன பெரியவர்களுக்காக யாரும் உட்காராமல் விட்டுவைத்த மாதிரி.

நெட்வொர்க்கில் இருக்கும் டிஸ்க்குக்கும் இதே வரிசையில் இடம் கொடுத்தார்கள். 1980களின் பிற்பகுதியிலும் 90களின் தொடக்கத்திலும் அலுவலக நெட்வொர்க் என்றால் பெரும்பாலும் நாவெல் நெட்வேர். டாஸ் வழக்கமாக ஈ வரைக்கும் தனக்கு என்று எடுத்துக்கொள்ளும். அதனால் நெட்வேரின் முதல் டிரைவ் எஃப் ஆனது. நிரல்களைத் தேடி எடுக்கும் டிரைவ்களை அது மறுமுனையில் இருந்து, இசட்டில் தொடங்கிப் பின்னோக்கி வைத்தது. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே நுழைந்ததும் 'லாகின் ஸ்கிரிப்ட்' என்ற சிறு உரைக்கோப்பு ஓடும். இன்னாருக்கு இன்ன எழுத்து, இன்ன ஃபோல்டர் என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். இன்று நாங்கள் செய்வதெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்தான்.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980களில் ஐபிஎம்மில் பிறந்து மைக்ரோசாஃப்ட்டில் வளர்ந்தது. அந்த மொழி எங்கள் ஊருக்கு இலவசமாகக் கிடைத்ததற்குக் காரணம் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியர். 1991 இறுதியில் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, தன் பிசியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் டிஸ்க்கைத் தொட வேண்டும் என்று ஆசைப்பட்டார். கணினிகளுக்கு இடையே கம்பியில் போய்வரும் செய்திகளை ஒட்டுக்கேட்டு, எதற்கு என்ன பதில் போகிறது என்று பார்த்துப் பார்த்தே ஒரு சர்வரை எழுதிவிட்டார். பிறகு அதற்குப் பெயர் தேவைப்பட்டபோது அகராதிக் கோப்பில் எஸ், எம், பி மூன்றும் அந்த வரிசையில் வரும் சொற்களைத் தேடினார். சாம்பா கிடைத்தது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் அமைத்த சர்வர்கள் பல, பழைய அசெம்பிள்டு பெட்டியில் லினக்ஸும் சாம்பாவும் போட்டவைதான். சர்வர் லைசென்ஸுக்குச் செலவழிக்க முதலாளிக்கு மனம் வராது. அவரும் பிழைத்தார், நானும் பிழைத்தேன்.

இசட் என்ற எழுத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் எளிய காரணம் ஒன்றுண்டு. பென் டிரைவைச் சொருகினால் காலியாக இருக்கும் முதல் எழுத்தை அது பிடித்துக்கொள்ளும். ஈ-யோ எஃப்போ ஜி-யோ, முதலில் வந்தவனுக்கு முதல் இடம். அலுவலகத்தின் பொது டிரைவுக்கு அங்கே ஓர் எழுத்து கொடுத்தால் ஒருநாள் சண்டை வரும். அதனால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவோம்.

*

ஆட்டோமேட்டிக்காக இணைப்பதற்கு முன்னாலும் மக்கள் வேலை செய்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பழைய அலுவலகம் ஒன்றில் பில்லிங் போடும் ஒருவர் தன் டைரியின் முதல் பக்கத்தில், முருகன் படத்துக்குக் கீழே, 'நெட் யூஸ்' என்று தொடங்கும் கட்டளை ஒன்றை எழுதிவைத்திருந்தார். இரண்டு பின்சாய்வுக் கோடு, சர்வர் பெயர், இன்னொரு கோடு, ஃபோல்டர் பெயர். டிரைவ் காணவில்லை என்றால் கறுப்புத் திரையைத் திறந்து, பூஜை மாதிரி நிதானமாக அதைத் தட்டச்சு செய்வார். பிழை எண் 53 வந்தால் சர்வரைக் காணோம் என்று பொருள். 85 வந்தால் அந்த எழுத்தில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது என்று பொருள். இவை இரண்டையும் அவர் தானாகவே தெரிந்துவைத்திருந்தார். '53 வருதுங்க, சுவிட்ச் ஆஃப் ஆயிருக்குமாட்ட இருக்குது' என்று போனில் சொல்வார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தானியங்கி ஏற்பாடு வந்ததும் அந்த டைரிப் பக்கத்துக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. 2000இல் வந்த ஆக்டிவ் டைரக்டரியில் யார் எந்தப் பிரிவு என்று ஓரிடத்தில் எழுதிவைத்தால் போதும். விண்டோஸ் சர்வர் 2008 காலத்திலிருந்து ஸ்கிரிப்ட்கூட எழுத வேண்டாம், படிவம் நிரப்புவது போல நிரப்பினால் ஆயிற்று. மெர்ச்சண்டைசிங் குழுவில் இருந்தால் இசட்டும் எம்மும், அக்கவுண்ட்ஸில் இருந்தால் இசட்டும் டியும். புதிதாகச் சேர்ந்த பெண் முதல்நாள் காலையில் தன் பெயரைத் தட்டினால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். காஸ்டிங் ஃபோல்டர் யாருக்குத் தெரியவேண்டுமோ அவருக்கு மட்டும் தெரியும். அலுவலகத்தில் ஒருவருடைய இடம் என்ன என்பது அவருடைய திரையில் தெரியும் எழுத்துக்களில் இருக்கிறது. பிரமோஷன் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே 'எனக்கு எம் தெரியுதே, ஏனுங்க சார்?' என்று ஒருவர் என்னைக் கேட்டிருக்கிறார்.

இது நல்ல ஏற்பாடுதான், குறைசொல்லவில்லை. ஆனால் இதில் சொல்லப்படாத அனுமானங்கள் மூன்று இருந்தன. கணினி இருந்த இடத்தை விட்டு நகராது. அதன் பின்னால் நீலநிறக் கேபிள் எப்போதும் சொருகியிருக்கும். ஆள் உள்ளே நுழையும்போது சர்வர் கூப்பிடும் தூரத்தில் இருக்கும். மேஜைக் கணினிக்கு இவை மூன்றும் சரி. லேப்டாப்புக்கு மூன்றும் தப்பு.

*

லேப்டாப்பில் நடப்பது இதுதான். மூடியைத் திறந்து பாஸ்வேர்டு அடிக்கிறோம். சர்வரைக் கேட்காமலே உள்ளே விட்டுவிடும். ஏனென்றால் முன்பு நுழைந்தபோது சரிபார்த்த அடையாளத்தை அது தனக்குள் சேமித்துவைத்திருக்கிறது. வெளியூரில் வேலை செய்பவர்களுக்காக இந்த வசதி. போதாததற்கு, 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி தொடங்கி, நெட்வொர்க் தயாராகும்வரை காத்திருக்காமல் திரையைக் காட்டிவிடுவது வழக்கமான நடத்தை ஆகிவிட்டது. ஆள் சீக்கிரம் வேலையைத் தொடங்கலாம். எஸ்எஸ்டி வந்தபின் எல்லாம் இன்னும் வேகம். ஆக, லேப்டாப் பத்து விநாடியில் தயார். வைஃபை அதற்கப்புறம்தான் சாவகாசமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வருகிறது. இடையில் டிரைவை இணைக்கும் ஸ்கிரிப்ட் ஓடி, சர்வரைத் தேடி, காணாமல், தன் வேலை முடிந்தது என்று போய்விட்டது. அது மறுபடியும் ஓடுவது அடுத்த லாகினில்தான். பஸ் சரியான நேரத்துக்கு வந்து போய்விட்டது. நிறுத்தத்துக்கு நாம் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தோம்.

வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வருபவருக்கு நிலைமை இன்னும் மோசம். விபிஎன்னைப் பெரும்பாலும் உள்ளே நுழைந்த பிறகே இயக்க முடியும். ஸ்கிரிப்டோ நுழையும்போதே ஓடி முடிந்திருக்கும். இரண்டும் சந்திப்பதே இல்லை.

இதற்குமேல் அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி. டிரைவ் படத்தின் மேல் அது தெரிந்தால் இணைப்பு இல்லை என்று பொருள். ஆனால் 15 நிமிடம் யாரும் தொடாமல் இருந்தாலும் சர்வர் இணைப்பை விட்டுவிடும், அப்போதும் அதே சிவப்புக் குறி வரலாம். பின்னதைத் தட்டினால் உடனே திறந்துவிடும். முன்னது திறக்காது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. சிவப்பைக் கண்டால் பயப்பட வேண்டாம், தட்டினால் போதும் என்று ஒருமுறை தெரிந்துகொண்டவர், அடுத்து உண்மையான சிவப்பு வரும்போதும் பயப்படுவதில்லை. 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10இன் 1809 என்ற பதிப்பில், நுழைந்த பிறகு டிரைவ்கள் தாமாக மீண்டும் இணையாத கோளாறு இருந்தது. அதைச் சரிசெய்யும்வரைக்கும் மைக்ரோசாஃப்ட்டே ஒரு சிறு ஸ்கிரிப்ட்டை எழுதி, இதை ஸ்டார்ட்-அப்பில் போட்டுக்கொள்ளுங்கள் என்று வெளியிட்டது. எங்கள் ஊரில் நாங்கள் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த அதே முறைதான். அன்றைக்கு எனக்கு அற்ப சந்தோஷம்.

மின்தடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் மேஜைக் கணினி அணையும், எல்லாரும் எழுந்து டீக்குப் போவார்கள். லேப்டாப் பாட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் மாடியில் இருக்கும் சுவிட்சுக்கு யாரோ யுபிஎஸ் இணைப்புக் கொடுக்க மறந்திருப்பார்கள். வேலை செய்துகொண்டிருப்பவர் 'சேவ்' தட்டும்போது இசட் இல்லை. எக்செல் கேட்கும்: வேறெங்காவது சேமிக்கட்டுமா? அவர் டெஸ்க்டாப்பைக் காட்டுவார். வேறென்ன செய்வார்?

*

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் ஊரில் இருந்த லேப்டாப் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. நான் அதுவரை வேலை பார்த்திராத ஒரு நிறுவனம், தன் கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு அவசர அவசரமாகப் பழைய லேப்டாப்களை வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. அவற்றை அமைத்துக் கொடுத்தவர் வேறொருவர். மேஜைக் கணினிக்கு எழுதிய அதே லாகின் ஸ்கிரிப்ட், அதன்மேல் ஒரு விபிஎன்.

அவர்கள் என்னைக் கூப்பிட்டது ஜூலையில், இறந்துபோன ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏதாவது எடுக்க முடியுமா என்று கேட்க. எடுக்க முடியவில்லை. தட்டைச் சுழலவிட்டால் கரகரவென்ற சத்தம்தான் வந்தது. அது அந்த நிறுவனத்தில் 19 வருடங்களாக வேலை செய்யும் ஒரு அக்காவின் லேப்டாப். ஏப்ரல் முதல் ஜூன் வரை அவர் போட்ட ஜாப் ஒர்க் கணக்குகள், டிசி-க்களோடு ஒத்துப்பார்த்த பட்டியல்கள், கட்டிங் முதல் பேக்கிங் வரையிலான ரேட் ஷீட்டுகள் எல்லாம் அதன் டெஸ்க்டாப்பில் இருந்தன. சர்வரில் இல்லை. நிர்வாகம் அவருக்கு மெமோ கொடுத்திருந்தது. 'கோப்புகளை சர்வரில் வைக்க வேண்டும் என்ற விதியை அலட்சியம் செய்தமைக்கு' விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த மாதச் சம்பளத்தைப் பிடித்துவைத்திருந்தார்கள்.

டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிவிட்டு என் ஃபீஸை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். போகும்போது அந்த அக்கா கேட் வரைக்கும் வந்து, 'தம்பி, நான் ஒண்ணும் வேணும்னு செய்யலைங்க. இசட் வரவேயில்லை. வேலை நிக்கக் கூடாதுல்ல?' என்றார். அவருடைய தெருவில் தகரம் அடைத்துவிட்டதால் ஜூன் கடைசி வரை வெளியே வர முடியவில்லை. இசட் வரவில்லை என்று முதல் வாரத்திலேயே போன் செய்திருக்கிறார். நெட் ஸ்லோவாக இருக்கும், கொஞ்சநேரம் கழித்துப் பாருங்கள் என்று பதில் வந்திருக்கிறது. கொஞ்சநேரம் கழித்துப் பார்த்தார். பிறகு மெயிலில் வந்த ஷீட்டுகளை டெஸ்க்டாப்பில் வைத்து வேலையைத் தொடங்கிவிட்டார்.

நான் திரும்ப உள்ளே போய் சர்வரைப் பார்க்க அனுமதி கேட்டேன். அக்கவுண்ட்ஸ் ஃபோல்டரைத் தேதிவாரியாக அடுக்கினேன். மார்ச் 23க்குப் பிறகு அந்த அக்காவின் ஃபோல்டரில் ஒரு கோப்புகூட மாறியிருக்கவில்லை. அவர் மட்டும் இல்லை, வீட்டிலிருந்து வேலை செய்த நான்கு பேரின் ஃபோல்டர்களும் அப்படியேதான் இருந்தன. இத்தனைக்கும் தினமும் இரவு பதினொரு மணிக்கு பேக்அப் ஓடியிருக்கிறது. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று தினமும் ஒரு மெயில் போயிருக்கிறது. மூன்று மாதமும் மாறாமல் கிடந்த அதே கோப்புகளைப் பத்திரப்படுத்தி, வெற்றி, வெற்றி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எம்.டி.யிடம் இதைச் சொன்னேன். 'அதெப்படிங்க, ஆட்டோமேட்டிக்கா வர மாதிரிதானே செட் பண்ணிக் கொடுத்தாங்க?' என்றார். உங்கள் லேப்டாப்பைக் கொடுங்கள் என்று வாங்கி, அலுவலக வைஃபையை விட்டுவிட்டு என் போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, மறுபடி லாகின் செய்யச் சொன்னேன். விபிஎன்னைப் போட்டார். இசட் இல்லை. ஒரு எச்சரிக்கையும் இல்லை. கீழே மூலையில் எதுவும் துள்ளவில்லை. 'வீட்டுல இருந்தப்ப இப்படித்தான் இருந்துச்சா சார்?' என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்தார். 'நான் எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லிடுவேங்க' என்றார்.

அதுதான் விஷயம். எம்.டி.க்கும் இசட் வரவில்லை. அவர் கேட்டால் அனுப்ப ஆள் இருந்தது. அந்த அக்காவுக்கு இல்லை. ஒரே கோளாறு ஒருவருக்கு அசௌகரியம், இன்னொருவருக்கு மெமோ.

மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சம்பளத்தையும் கொடுத்தார்கள். தவறாகிவிட்டது என்று அவரிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. மூன்று மாதக் கணக்கை டிசி கட்டுகளிலிருந்தும் வாட்ஸ்அப்பில் கிடந்த படங்களிலிருந்தும் அவரே மறுபடி அடித்து முடித்தார்.

*

எம்.டி. அன்றைக்கே ஒரு தீர்வும் சொன்னார். 'எப்பவும் கனெக்ட் ஆகியே இருக்கற மாதிரி பண்ணிடுங்க.' கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எப்போதும் திறந்திருக்கும் கதவைப் பற்றி எங்கள் தொழிலில் கசப்பான பாடங்கள் உண்டு.

2013இல் கிரிப்டோலாக்கர் என்ற பணம்பறிக்கும் நிரல் வந்தது. மெயிலில் வந்த இணைப்பை ஒருவர் திறந்தால் போதும், அவர் கணினியில் உள்ள கோப்புகளை மட்டுமல்ல, எழுத்துப் பெற்ற டிரைவ் எதுவாக இருந்தாலும் அதில் உள்ளவற்றையும் பூட்டிவிடும். சர்வரில் இருப்பதை அது உடைத்து நுழையவில்லை. நாம் வசதிக்காகக் கொடுத்த எழுத்தின் வழியே, அந்தப் பயனரின் உரிமையோடு, மரியாதையாக நுழைந்தது. எழுத்துக் கொடுக்காத ஃபோல்டரை அதற்குத் தெரியாது. பின்னால் வந்தவை அதையும் கற்றுக்கொண்டன. 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை, எஸ்எம்பி மொழியின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகக் கணினி கணினியாகத் தாவி, இங்கிலாந்தில் மருத்துவமனைகளையே நிறுத்தியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது.

தானாக இணைப்பதற்காக ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே பாஸ்வேர்டை எழுதிவைப்பது இன்னொரு வழக்கம். நான் மேலே சொன்ன படிவம் நிரப்பும் முறையிலும் பாஸ்வேர்டுக்கு ஒரு கட்டம் இருந்தது. அது பூட்டப்பட்டே சேமிக்கப்படும். ஆனால் பூட்டின் சாவி எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றுதான். அதையும் மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களில் அச்சிட்டே வைத்திருந்தது. 2014 மே மாதம் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே நிரப்பப்பட்டவை அப்படியே கிடந்தன. அவற்றைத் தேடிப்போய் அழிப்பது அங்கங்கே இருந்த எங்களைப் போன்றவர்களின் வேலையாயிற்று.

யூனிக்ஸ் உலகத்தில் வேறொரு மரபு இருந்தது. சன் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த என்எஃப்எஸ்-ஐ ஒட்டி வளர்ந்த 'ஆட்டோமவுண்டர்'. நுழையும்போதே எல்லாவற்றையும் இணைத்துவைக்காது. யாராவது அந்த ஃபோல்டருக்குள் காலெடுத்து வைக்கும்போது இணைக்கும். கொஞ்சநேரம் யாரும் புழங்காவிட்டால் தானே கழற்றிவிடும். ஆள் வந்தால் விளக்கைப் போட்டு, போனால் அணைக்கிற வீட்டுக்காரம்மா மாதிரி. எனக்கு அந்தச் சிக்கனம் பிடிக்கும். விண்டோஸிலும் அதற்கு நெருக்கமாக ஒன்றைச் செய்ய முடியும். நெட்வொர்க் இணைந்தது என்று விண்டோஸ் தன் பதிவேட்டில் 10000 என்ற எண்ணில் ஒரு குறிப்பு எழுதும். அந்தக் குறிப்பு விழும்போதெல்லாம் ஒரு பணி ஓடும்படி அமைக்கலாம். லாகினைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. வைஃபை வந்தாலும் சரி, விபிஎன் வந்தாலும் சரி, அந்தப் பணி எழுந்து சர்வர் பதில் சொல்கிறதா என்று கேட்கும். சொன்னால் பயனரின் சொந்த அடையாளத்தோடு இசட்டை இணைக்கும். பாஸ்வேர்டு எங்கும் எழுதப்படாது.

அந்த நிறுவனத்துக்கு இதைத்தான் செய்து கொடுத்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, நாற்பது வரிகூட வராது. அதில் இணைப்பதற்கான வரி ஒன்றே ஒன்று. மீதி வரிகளில் பெரும்பாலானவை, இணையாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு. மூன்று முறை முயன்றும் சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் திரையின் நடுவில் ஒரு பெட்டி வரும். அதில் தமிழில் எழுதியிருக்கும்: 'இசட் இணையவில்லை. இப்போது சேமிப்பது சர்வருக்குப் போகாது. இது உங்கள் தவறு அல்ல. இந்த எண்ணுக்கு போன் செய்யவும்.' அதே நேரம் எனக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு மெயில் வரும், அந்த லேப்டாப்புக்கு இணையம் இருந்தால். இல்லாவிட்டால் மறுமுனையிலிருந்து ஒரு காவல்: ஒருவருடைய ஃபோல்டரில் மூன்று வேலைநாட்கள் எதுவுமே மாறவில்லை என்றால் சர்வர் அதைச் சொல்லும். லீவில் இருப்பவர்களின் பெயரும் வரத்தான் செய்யும். பரவாயில்லை, ஒரு போன் செய்து கேட்டால் தெரிந்துவிடும்.

'இது உங்கள் தவறு அல்ல' என்ற வரியை எம்.டி. எடுக்கச் சொன்னார். ஏங்க, ஆபீஸ் மெசேஜில் இதெல்லாம் எதற்கு என்றார். அது போனால் மற்ற வரிகளை யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொன்னேன். சிவப்பாக ஏதாவது வந்தாலே, தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து அவசரமாக மூடிவிடுவதுதான் பெரும்பாலானவர்களின் பழக்கம். பிறகு யாரிடமும் சொல்ல மாட்டார்கள். வரி அப்படியே இருக்கிறது.

*

இப்போது பல நிறுவனங்கள் இசட்டை விட்டுவிட்டு ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் பக்கம் போகின்றன. எழுத்துக்குப் பதில் ஃபோல்டரின் மேல் சிறு மேகப் படம், பச்சை டிக், சுற்றிக்கொண்டிருக்கும் நீல அம்பு. கோப்பு லேப்டாப்பிலும் இருக்கும், மேலேயும் இருக்கும். ஊரடங்கில் இது இருந்திருந்தால் அந்த அக்காவின் கணக்கு தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த நீல அம்பு மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டே இருந்த லேப்டாப்களையும் பார்த்துவிட்டேன். இடம் நிறைந்திருக்கும், அல்லது பாஸ்வேர்டு மாறியிருக்கும். அதன் சொந்தக்காரரைக் கேட்டால், 'அது எப்பவும் சுத்திட்டுதாங்க இருக்கும்' என்பார். சிவப்புப் பெருக்கல் குறிக்குப் பழகியதைப் போலவே அதற்கும் பழகிவிட்டார்.

புது இடத்தில் வேலை முடித்துக் கொடுக்கும்போது நான் ஒரு சோதனை செய்வதுண்டு. எல்லாம் சரியாக ஓடுகிறது என்று காட்டிக் கையெழுத்து வாங்குவதற்கு முன், அந்தக் கணினியில் தினமும் உட்காரப் போகிறவரையே கூப்பிடுவேன். மேனேஜரை அல்ல. வைஃபையை அணைக்கச் சொல்லிவிட்டு, இப்போது திரையில் என்ன தெரிகிறது என்று அவர் வாயால் சொல்லச் சொல்வேன். அவர் சொல்வது புரிந்தால் வேலை முடிந்தது. 'ஒண்ணும் தெரியலைங்களே, எப்பவும் போலத்தான் இருக்குது' என்றால் பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்காருவேன்.

அந்த அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். இசட் அவருக்கு ஒழுங்காக வருகிறது. ஆனாலும் தினமும் மாலை ஐந்தே முக்காலுக்கு மேஜை டிராயரிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து, அன்றைய வேலையை அதில் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறார். சணல் கயிற்றில் கட்டிய சின்ன பென் டிரைவ். நிறுவன விதிப்படி பென் டிரைவ் கூடாது. அந்த யுஎஸ்பி வாசலை மூடிவிடலாம், எனக்கு இரண்டு நிமிட வேலை. ஒருமுறை அவர் அதைச் சொருகும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி ஆகி முடிந்ததும் அதை முறைப்படி எஜெக்ட் செய்தார், டிராயரில் வைத்துப் பூட்டினார், சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, 'வரட்டுங்களா தம்பி' என்று கிளம்பினார்.